மனைவி துட்டி வீட்டில் இருக்கும்போது வீட்டை நடத்தும் முறை

மாமனாரோ மாமியாரோ இறந்துவிட்டால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். செய்தி வந்ததும் துட்டி வீட்டுக்கு, அதாவது இறப்பு நடந்த வீட்டுக்கு, குடும்பத்தோடு கிளம்பிப் போகிறோம். எடுப்பு, அதாவது இறுதிச் சடங்கு, முடிகிறது. எலும்பு பொறுக்கும் சஞ்சயனம் முடிந்த கையோடு, பள்ளிக்கூடம் இருக்கிறது, வேலை இருக்கிறது என்று கணவனும் பிள்ளைகளும் திரும்பிவிடுகிறார்கள். மனைவி பதினாறாம் நாள் சடங்கான அடியந்திரம் வரை பிறந்த வீட்டிலேயே தங்குகிறார். கிறிஸ்தவக் குடும்பங்களில் ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று கணக்கு மாறும். இஸ்லாமியக் குடும்பங்களில் மாமனார் இறந்தால் மாமியார் நான்கு மாதம் பத்து நாள் வீட்டிலேயே இருந்து இத்தா என்ற துக்கம் காப்பார். அவருக்குத் துணையாக மகள் போவதும் வருவதுமாக இருப்பார்.

எந்தக் கணக்கானாலும் இங்கே ஒரு வீடு ஓடியாக வேண்டும். அடுக்களைக்குள் தண்ணீர் குடிக்க மட்டும் போய்வந்த கணவன்மார்களுக்காக எழுதுவது இது. கணவனைப் பெற்றவர்கள் இறந்து, அவர் ஊரில் தங்க நேர்ந்தால் மனைவி எப்படிச் சமாளிப்பது என்று தனியாக எழுதத் தேவையில்லை. மோட்டார் சுவிட்ச், வண்டிச் சாவி, எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்கிற விவரம், இவற்றைச் சொல்லிவிட்டுப் போனால் போதும். மற்றதெல்லாம் ஏற்கெனவே அவர் கையில்தான் இருக்கிறது.

சமைக்கத் தெரியாதது பெரிய சிக்கல் இல்லை. கடை இருக்கிறது, அக்கம்பக்கம் இருக்கிறது. பெரிய சிக்கல் போன்தான். "கடுகு எங்கே இருக்கிறது?", "சின்னவளுக்கு நாளைக்கு எந்த யூனிபார்ம்?", "கேஸ் தீர்ந்துவிட்டது, புத்தகம் எங்கே?" என்று ஓயாமல் கூப்பிடுகிற கணவன், மனைவியைத் துட்டி வீட்டில் உட்கார வைத்தே தன் வீட்டையும் நடத்த வைக்கிறான். அங்கே அவர் வருகிறவர்களிடம் பேச வேண்டும், அம்மையை ஒரு வாய் சாப்பிட வைக்க வேண்டும், நடுவில் கிடைக்கிற கால் மணி நேரத்தில்தான் தன் அப்பாவுக்காக அழ வேண்டும். ஆகவே கீழே சொல்கிற எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றே: அவரிடம் கேட்காமல் வீட்டை நடத்துவது.

கிளம்பும் முன் ஒரே தடவை கேளுங்கள்

எடுப்பு நாளன்று எதையும் கேட்காதீர்கள். நீங்கள் ஊருக்குத் திரும்புகிற அன்று, கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரம் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள். அவர் பேசும் நிலையில் இல்லையென்றால் கொழுந்தியாளிடமோ மைனியிடமோ கேளுங்கள். பெண்கள் ஒருவருக்கொருவர் வீட்டு நடப்பைச் சொல்லி வைத்திருப்பார்கள். நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

கேட்க வேண்டியவை சமையல் பொருள்கள் அல்ல. அவற்றை டப்பாவைத் திறந்து பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். திறந்து பார்த்தாலும் தெரியாதவை வேறு. மகளிர் சுயஉதவிக் குழுவுக்குத் தவணை எந்தக் கிழமை, யார் வீட்டில் கட்ட வேண்டும்? சீட்டுப் பணம் எவ்வளவு? நகை அடகில் ஏதாவது இருக்கிறதா, வட்டிக்குக் கெடு எப்போது? பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் பாக்கி உண்டா? பிள்ளைகளில் யாருக்காவது தினமும் மாத்திரை இருக்கிறதா? இவை போதும். குழுத் தவணையை மட்டும் இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் சேர்ந்து போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு அவர் திரும்பி வருவதற்குள் தெரு முழுக்கப் பரவியிருக்கும்.

கேட்பதோடு கொடுத்துவிட்டும் வர வேண்டும். அவசரத்தில் உடுத்த சேலையோடு வந்திருப்பார். நாலைந்து பருத்திச் சேலை, அவருடைய மாத்திரை, கண்ணாடி, போன் சார்ஜர், ஆதார் அட்டையின் நகல் ஆகியவற்றை வீட்டிலிருந்து எடுத்து அடுத்து வருகிற உறவினரிடம் கொடுத்தனுப்புங்கள். பணத்தை அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். துட்டி வீட்டில் சாயாவுக்கும் ஆட்டோவுக்கும் பந்தலுக்கும் யார் கையில் பணம் இருக்கிறதோ அவர் கொடுத்துக்கொண்டே இருக்க நேரும். நூறும் ஐம்பதுமாகச் சில்லறை நோட்டுகளாக ஒரு கட்டு கொடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள்.

அவருடைய போனுக்குள் இருக்கும் வீடு

வீட்டின் பாதி நிர்வாகம் இன்று மனைவியின் போன் எண்ணில்தான் நடக்கிறது. அதில் முதலாவது பள்ளிக்கூடத்தின் வாட்ஸ்அப் குழு. அதில் பெரும்பாலும் அம்மாக்களின் எண்தான் இருக்கும். நம் மாவட்டத்தில் இதை விட்டுவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்யும். மழை விடுமுறை சில நாள் விடிகாலையில்தான் தெரியவரும். போதாததற்கு உள்ளூர் விடுமுறைகள் வேறு: கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, சுசீந்திரம் மார்கழித் தேர். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் இதையெல்லாம் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி, சாப்பாடு கட்டி, பூட்டிய பள்ளிக்கூட வாசலில் போய் நிற்க வேண்டிவரும். ஆகவே வகுப்பு ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி உங்கள் எண்ணைக் குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளையின் தாத்தா இறந்திருக்கிறார் என்பதும் ஆசிரியருக்குத் தெரிய வேண்டிய செய்திதான்.

அடுத்தது கேஸ். சிலிண்டர் கொண்டுவரும்போது சொல்ல வேண்டிய குறியீட்டு எண், பதிவு செய்த போனுக்குத்தான் வரும். அது அவருடைய எண்ணாக இருந்தால், மாற்றுச் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று இன்றே தூக்கிப் பாருங்கள். காலி என்றால் உடனே பதிவு செய்துவிட்டு, "கேஸ் எண் வந்தால் எனக்கு அனுப்பிவிடு, வேறொன்றும் செய்ய வேண்டாம்" என்று ஒரே ஒரு செய்தி போட்டு வையுங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு 1906-க்குக் கூப்பிடுங்கள்.

மின்சார வாரியக் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. மின் இணைப்பு எண் அட்டையில் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு நீங்களே போனில் கட்டிவிடலாம். ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் உள்ள யார் வைத்தாலும் சரி, ஆகவே தைரியமாகப் போங்கள். வரிசையில் நிற்கிற பெண்கள், "அக்கா வரவில்லையா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். விஷயத்தைச் சொன்னால் எந்தப் பொருள் என்றைக்கு வரும் என்பதிலிருந்து எல்லாம் அவர்களே சொல்லித் தருவார்கள்.

முதல் நாள் இரவு

துட்டி வீட்டிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு உள்ளே போவதும், உடுத்திய துணியை நனைத்துப் போடுவதும் வழக்கம். அதைச் செய்துவிட்டு நேரே அடுக்களைக்குப் போங்கள். முதல் வேலை, அலமாரிகளைத் திறந்து ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வைப்பது. எது எந்த இடத்தில் இருந்தது என்பது பிறகு உங்களுக்கு நினைவிருக்காது. அவர் வரும்போது எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க இந்தப் படங்கள்தான் வழி.

பிறகு குளிர்சாதனப் பெட்டி. புளித்த மாவு, பழைய குழம்பு, வாடிய கீரை எல்லாவற்றையும் அன்று இரவே வெளியே எடுங்கள். மாவு இரண்டு நாளைக்கு மேல் ஆகியிருந்தால் அதைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம்.

நீர்த்தொட்டியை ஏறிப் பாருங்கள். நாகர்கோவிலுக்கு முக்கடல் அணைத் தண்ணீர்தான் வெகுகாலமாகக் குடிநீர். குழாயில் தினமும் வரும் என்று நம்பக்கூடாது. எந்த நாள் எந்த நேரம் வரும் என்பது பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும். "தண்ணீர் வந்தால் ஒரு குரல் கொடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். கிணறு உள்ள வீடாக இருந்தால் இந்தக் கவலை பாதி குறைவு.

வீட்டில் உங்கள் அம்மை இருந்தால் பல வேலைகளுக்குத் துணை கிடைக்கும். கூடவே ஒரு எச்சரிக்கையும் உண்டு. மருமகள் இல்லாத நேரத்தில் அடுக்களையைத் தன் முறைப்படி திருத்தி அடுக்க வேண்டும் என்ற ஆசை சில அம்மைகளுக்கு வரும். "இந்தப் பானையை எதற்கு இங்கே வைத்திருக்கிறாள்?" என்று தொடங்கும். அதை அந்த இடத்திலேயே நிறுத்துவது மகனுடைய வேலை. அப்பாவைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்புகிற பெண், தன் அடுக்களையில் உப்பு ஜாடியைத் தேடி அலையக் கூடாது. அம்மையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இருக்கின்றன. இந்தப் பதினாறு நாளும் நம் வீட்டில் மீன் சமைக்கலாமா, மாலையில் விளக்கேற்றலாமா, கோயிலுக்குப் போகலாமா என்பவை. குடும்பத்துக்குக் குடும்பம், சாதிக்குச் சாதி இது மாறும். இதையும் மனைவியிடம் கேட்காதீர்கள். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

சோறு

மாற்றலாகி வந்தவர்களுக்கு ஒரு சொல்: இங்கே வீடுகளில் வேகிற சிவப்புச் சம்பா அரிசி, உங்கள் ஊர்ப் பொன்னி மாதிரி மூன்று விசிலில் வெந்துவிடாது. உள்ளூர்க்காரர்களிலும் பலருக்கு இது தட்டில் விழுந்த பிறகுதான் தெரியும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய பானையில் அரிசியைப் போல ஐந்தாறு மடங்கு தண்ணீர் வைத்துக் கொதிக்க விடுங்கள். அதற்குள் அரிசியை மூன்று நான்கு தடவை களைந்து, கழுவும் நீரின் செம்மை வெளிறும் வரை அலசுங்கள். கொதிக்கிற நீரில் அரிசியைப் போட்டு ஒரு தடவை அடிவரை கிளறுங்கள். மறுபடி கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைச் சற்றுத் திறந்தாற்போல வையுங்கள். இல்லாவிட்டால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேகும், அரிசி பழையதானால் இன்னும் அதிகம். முக்கால் வேக்காட்டில் நான்கு பருக்கையைக் கரண்டியில் எடுத்து விரலால் நசுக்குங்கள். நடுவில் வெள்ளையாகக் கடுகளவு கெட்டி தெரிந்தால் வேகவில்லை. அது மறைந்து, பருக்கை வெடிக்கத் தொடங்கும் நேரம்தான் வடிக்க வேண்டிய நேரம்.

வடிப்பதில் வீரம் காட்ட வேண்டாம். தட்டை வைத்துத் துணியால் பிடித்துப் பானையைக் கவிழ்த்து வடிக்கும் கை அவர்களுக்குப் பல வருடத்துப் பழக்கம். புதிதாகச் செய்கிறவர் அதைச் செய்தால் கொதிகஞ்சி கையில் கொட்டும். கழுவுத்தொட்டிக்குள் ஒரு அகலப் பாத்திரத்தை வைத்து, அதன்மேல் பெரிய கண்வடிகட்டியை வைத்து, சோற்றைக் கரண்டியால் அள்ளிப் போடுங்கள். நேரம் கூடுதலாகும், கை தப்பும். கீழே சேர்ந்த கஞ்சித்தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். உப்புப் போட்டு இளஞ்சூட்டில் கொடுத்தால் பிள்ளைகள் குடிப்பார்கள்.

ஒரு தடவை இந்தச் சோறு கைவந்துவிட்டால் மற்றது இலேசு. காலைச் சோறு மதியத்துக்கும் ஆகும். இரவில் மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் பழங்கஞ்சி. சிறுபயறும் அரிசியும் சேர்த்துக் குழைய வேகவைத்து, நான்கு பல் பூண்டும் ஒரு பிடி தேங்காய்த் துருவலும் போட்டு இறக்கினால் பயற்றங்கஞ்சி. கூடவே சுட்ட பப்படமும் ஒரு துவையலும் இருந்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது. மீன் விலக்கியிருக்கும் நாள்களில் இதைவிட நல்ல வழி இல்லை.

காலைக்குப் புட்டு. வறுத்த புட்டுமாவு கடையில் கிடைக்கிறது. உப்புக் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறுங்கள். கைக்குள் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம்தான் முழு ரகசியம். குழலில் தேங்காயும் மாவும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே ஆவி வந்த பிறகு ஐந்து நிமிடம். தொட்டுக்கொள்ள எதுவும் செய்ய வேண்டாம், மட்டி வாழைப்பழம் இருக்கிறது. இந்த மாவட்டத்து மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கும் முன்பிருந்தே, கைக்குழந்தைக்கு மசித்துக் கொடுக்கிற பழமாக வீடுகள் அதை நம்பித்தான் இருந்தன. பிள்ளை அரசுத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குள் படித்தால் இன்னும் சுலபம். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே சாப்பாடு கிடைக்கும். நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவது மட்டும் உங்கள் பொறுப்பு.

மீன் வாங்கும் வீடானால் சந்தைக்குப் போய்த் தடுமாற வேண்டாம். தெருவுக்கு வரும் மீன்கார அம்மாவிடம் வாங்குங்கள். உங்கள் வீட்டுக்கு என்ன மீன், எவ்வளவு என்பது உங்களைவிட அவருக்குத் தெரியும். அரைக்கிலோ சாளை நான்கு பேருக்குப் போதும். சுத்தம் செய்து தரக் கேளுங்கள். ஒரு முறித் தேங்காயைத் துருவி, மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, மஞ்சள்பொடி, நாலைந்து உள்ளி (சின்ன வெங்காயம்) சேர்த்து மையாக அரைத்து, புளிக்கரைசலில் கலக்கி, மண்சட்டியில் முதலில் மசாலாவைத்தான் கொதிக்கவிட வேண்டும். பச்சை வாடை போன பிறகு மீன். மீன் விழுந்த பிறகு கரண்டி போடக் கூடாது, சட்டியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். கறிவேப்பிலையும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் விட்டு இறக்குங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையிலும், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையிலும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நம் மாவட்டத்துக்கு இரண்டு கரையும் உண்டு. கிழக்குக் கரையில் சின்னமுட்டத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும்போது மேற்குக் கரையில் குளச்சலில் ஓடும், பிறகு அது மாறும். அந்த மாதங்களில் விலை கேட்டு மலைத்துவிட்டு, "மீன்காரி ஏமாற்றுகிறாள்" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

பக்கத்து வீடுகளிலிருந்து தூக்குவாளியில் சாம்பாரும் தோரனும் வரும். கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்; துட்டிக்கு ஊர் செய்கிற முறை அது. எந்தப் பாத்திரம் யாருடையது என்று ஒரு துண்டுத் தாள் ஒட்டி வையுங்கள். கழுவிய அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும், பிளாஸ்டிக் டப்பாக்களில்தான் குழப்பம்.

பிள்ளைகள்

பெண்பிள்ளை இருக்கிற வீட்டில், காலையில் தகப்பன்மார் தோற்றுப்போகிற இடம் சடைதான். பல பள்ளிகளில் இரட்டைச் சடை, மடித்துக் கட்டி ரிப்பன். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு தடவை ஒத்திகை பாருங்கள், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கற்றுக்கொள்ள முடியாது. தேங்காய் எண்ணெய் தடவிச் சிக்கை நுனியிலிருந்து மேல்நோக்கி எடுங்கள். உச்சியிலிருந்து இழுத்தால் பிள்ளை அழும். சீப்பின் கூர்முனையை நெற்றி நடுவில் வைத்துப் பிடரி வரை ஒரே கோடாக வகிடு எடுத்து, ஒரு பக்கத்தை ரப்பர் வளையத்தால் கட்டி ஒதுக்கிவிடுங்கள். மறுபக்கத்தைக் காதுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்து மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்குங்கள். முதல் மூன்று பின்னல் இறுக்கமாக இருந்தால் மாலை வரை நிற்கும். அடியில் தளர்ந்தால் பரவாயில்லை, எப்படியும் மடித்துத்தானே கட்டப்போகிறோம். இரண்டு சடையும் ஒரே உயரத்தில் தொடங்கியிருக்கிறதா என்று பின்னால் நின்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். வகுப்பில் கேலி செய்வது அதைத்தான்.

யூனிபார்மை மழைக்காலத்தில் காலையில் துவைத்து மாலையில் எடுக்கலாம் என்று எண்ணாதீர்கள். பள்ளி விட்டு வந்ததும் கழற்றித் துவைத்து, பிழிந்து, இரவு முழுக்க மின்விசிறிக்குக் கீழே போடுங்கள்.

தாத்தா எங்கே என்று சின்னப் பிள்ளை கேட்கும். அதுவும் நீங்கள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதோ வண்டி ஓட்டும்போதோதான் கேட்கும். தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்றெல்லாம் சொல்லாதீர்கள். தூங்கினால் திரும்பி வரமாட்டோமோ என்று பிள்ளை இரவில் படுக்க பயப்படும். ஊருக்குப் போயிருக்கும் அம்மாவும் வரமாட்டாளோ என்று நினைக்கும். "தாத்தா இறந்துவிட்டார், இனி வரமாட்டார், அம்மா ஆச்சிக்குத் துணையாக இருந்துவிட்டு வந்துவிடுவாள்" என்று நேராகச் சொல்லுங்கள். அம்மா வரும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். பிறகு எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான்.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் முதலில் பக்கத்து மருத்துவரைப் பாருங்கள், பிறகு மனைவிக்குச் சொல்லுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வீட்டில் இருக்கட்டும். ஒரு லிட்டர் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது. இரவில் நிலைமை மோசமானால் 108. நாகர்கோவில் பக்கமானால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எந்நேரமும் திறந்திருக்கிறது. மறைக்கச் சொல்லவில்லை, "டாக்டரிடம் காட்டிவிட்டேன், மருந்து கொடுத்திருக்கிறார், இப்போது தூங்குகிறாள்" என்று முடிந்த செய்தியாகச் சொல்லுங்கள் என்கிறேன்.

இரவு ஒரு போன்

ஒரு நாளைக்கு ஒரு தடவை, துட்டி வீட்டில் வருகிறவர்கள் ஓய்ந்த பிறகு, இரவு ஒன்பது மணி வாக்கில் கூப்பிடுங்கள். முதலில் பிள்ளைகள் பேசட்டும். நீங்கள் பேசும்போது சோறு குழைந்தது, குழாய் உடைந்தது என்று அறிக்கை வாசிக்காதீர்கள். சாதனைப் பட்டியலும் வேண்டாம். அவர் அப்பாவைப் பற்றிப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் "சாப்பிட்டாயா, அம்மை எப்படி இருக்கிறார்கள்" என்பதோடு விடுங்கள். "எப்போது வருவாய்?" என்ற கேள்வியை ஒருபோதும் கேட்காதீர்கள். உங்கள் வாயிலிருந்து அது வந்தால் "சீக்கிரம் வா" என்றுதான் அங்கே கேட்கும். பகலில் கேட்டே ஆக வேண்டிய அவசரம் என்றால், கொழுந்தியாளின் எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருமகன் தரப்பிலிருந்து சொத்துப் பேச்சு இந்த நாள்களில் எழவே கூடாது. போனிலும் கூடாது, ஜாடையாகவும் கூடாது. காகிதம் வேறு, பேச்சு வேறு. இறப்பை 21 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும். ஊராட்சிப் பகுதியானால் கிராம நிர்வாக அலுவலரிடம். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியானால் அந்தந்த அலுவலகத்தில். மச்சினன் அலைந்துகொண்டிருப்பார், ஒரு நாள் விடுப்பெடுத்து அவரோடு போய் நில்லுங்கள். பிறகு வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது திருமணமான மகளின் பெயரும் அதில் வர வேண்டும் என்பதால் உங்கள் மனைவியின் ஆதார் நகல் கேட்பார்கள். வீட்டிலிருந்து அசலைக் கொடுத்தனுப்ப வேண்டாம். இரண்டு மூன்று நகல் எடுத்துக் கொடுங்கள்.

பதினாறுக்குப் போவதும் கூட்டிவருவதும்

அடியந்திரத்துக்கு முந்தின நாளே பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்துவிடுங்கள். விருந்தாளியாகக் காலையில் போய் இறங்குகிற மருமகனை யாரும் வெளிப்படையாகக் குறை சொல்ல மாட்டார்கள், பார்த்து வைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கு விடுப்புக் கடிதம், பிள்ளைகளுக்கு அடக்கமான நிறத்தில் துணி, மருமகன் செய்ய வேண்டிய முறைக்குப் பணம் ஆகியவை மூன்று நாள் முன்பே தயாராக இருக்கட்டும். முறை என்ன, எவ்வளவு என்பதை உங்கள் பெரியப்பாவோ சித்தப்பாவோ சொல்வார்.

கிளம்புவதற்கு முன் வீட்டைத் திரும்பி வருகிற நிலைக்குக் கொண்டுவாருங்கள். முதல் இரவு எடுத்த போட்டோக்களைப் பார்த்து அலமாரியை ஒழுங்குபடுத்துங்கள். குப்பையை வெளியேற்றுங்கள், படுக்கை விரிப்பை மாற்றுங்கள், வந்ததும் சாயா போடப் பாலுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். தீர்ந்துபோன பொருள்களை அதே கடையில் அதே அளவு வாங்கி நிரப்புங்கள். புதிதாக மசாலா டப்பா செட்டு வாங்கி அசத்த வேண்டாம்.

வந்த அன்றே சாவிக்கொத்தை நீட்டாதீர்கள். உடம்பு திரும்பி வந்திருக்கும், மனசு வர நாளாகும். இரண்டு வாரமாவது காலைச் சமையலும் பள்ளிக்கூட வேலையும் உங்களிடமே இருக்கட்டும். பகல் நேரத்தில் துட்டி விசாரிக்க இங்கேயும் ஆள் வரும். பாத்திரம், டம்ளர், சாயாத்தூள் எடுத்து வைத்து, வருகிறவர்களுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். குழுத் தவணை கட்டிய ரசீது, பால் கணக்கு, பாத்திரம் திருப்பிக் கொடுத்த வீடுகளின் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். அவர் கேட்கும்போது எடுத்துக் கொடுத்தால் போதும்.

முதல் ஒரு வருடம் அம்மையைப் பார்க்க அடிக்கடி போக விரும்புவார், கேட்கத் தயங்குவார். மாதத்தில் ஒரு சனி ஞாயிறை நீங்களே குறித்து, அந்த இரண்டு நாளும் வீடு உங்கள் பொறுப்பு என்று சொல்லி, வடசேரியிலிருந்து பஸ்ஸோ நாகர்கோவில் சந்திப்பிலிருந்து ரயிலோ, டிக்கெட்டையும் எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.